சைக்கிள் ட்யூப் சுற்றிய குழாய்

எங்கள் தெரு முனையில் பிள்ளையார் கோயிலைத் தாண்டினதும் ஊராட்சிக் குழாய் ஒன்று மண்ணைவிட்டு ஒரு சாண் மேலே எழும்பி, எல்போ என்கிற வளைவு இணைப்பில் திரும்பி, மறுபடி மண்ணுக்குள் போகும். அந்த எல்போவில் சைக்கிள் ட்யூபைக் கிழித்து நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றி, மேலே கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருக்கிறது. இப்போது இருப்பது மூன்றாவது ட்யூப். முதல் ட்யூப் சுற்றிய அன்று நான் பக்கத்தில்தான் நின்றேன். டேங்க் ஆப்பரேட்டர் கையைக் கழுவிக்கொண்டே, "ஒரு வாரம் தாங்கட்டுங்கண்ணா, அப்புறம் ஜாயின்ட் மாத்திக்கலாம்" என்றார். மனசாரச் சொன்னதுதான். அதற்குப் பிறகு இரண்டு கோடை போய்விட்டது.

தருமபுரி மாவட்டத்தில் சின்ன ஊர் எங்களுடையது. அந்த ட்யூப் ஏன் அங்கே இருக்கிறது, ஏன் அது போதாது, ஏன் அதை மாற்ற ஆள் வரவில்லை என்ற மூன்றையும் பிரித்துப் பார்த்தால் கிராமத்துக் குழாய் வேலையின் பாதிக் கதை விளங்கிவிடும்.

மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. கிராமத்தில் வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. அன்றைக்குத் தமிழ்நாட்டின் ஏறக்குறைய 125 லட்சம் கிராமப்புற வீடுகளில் சுமார் 22 லட்சம் வீடுகளில்தான் குழாய் இருந்தது. ஐந்தாறு வருடத்தில் அது ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக் குழாயடியில் வரிசையில் நின்ற அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். என் அம்மா, வாசலில் குழாய் வந்த முதல் நாள், குடம் நிரம்பிய பிறகும் மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் குழாய் போடுவதற்கு டெண்டர் உண்டு, அளவுப் புத்தகம் உண்டு, முடிந்ததும் போட்டோ உண்டு. போட்ட குழாயை இருபது வருடம் ஓடவைப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். ரிஞ்சும் ஆக்சா பிளேடும் எடுத்துக்கொண்டு, கூப்பிட்ட அன்றைக்கே சைக்கிளிலோ வண்டியிலோ வந்து இறங்குகிற ஒருவர். பெரும்பாலான ஊர்களில் இல்லாதது அவர்தான்.

முன்பு இப்படி இல்லை. ஊர்க் கிணறு இருந்த காலத்தில் தூர் வாருவதற்கும் உருளை மாற்றுவதற்கும் ஊருக்குள்ளேயே கை இருந்தது. பிறகு அடிபம்பு வந்தது. 1970களில் இந்தியா மார்க் 2 என்ற அடிபம்பை யுனிசெஃபும் அரசும் சேர்ந்து உருவாக்கின. சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலைக்கும் அதில் பங்கு உண்டு. பம்பைச் செய்தவர்கள் அதைப் பராமரிப்பதையும் சேர்த்தே யோசித்தார்கள். எந்த ஊர்ப் பம்பாக இருந்தாலும் ஒரே அளவு உதிரி பாகம். ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக் இருந்தால் பல ஊரை அவர் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக் குழாய்க்கு இந்த யோசனை பின்னாலேயே வரவில்லை.

தண்ணீர் நின்ற பிறகு நடப்பது

இப்போது அந்த ட்யூபுக்கு வருகிறேன். பார்த்தால் கசிவு நின்றிருக்கிறது. அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும்போது ரப்பர் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, ஒரு சொட்டுகூட வெளியே வருவதில்லை. ஆபத்து தண்ணீர் நின்ற பிறகு தொடங்குகிறது.

எங்கள் ஊர்த் தொட்டி 30,000 லிட்டர். ஆளுக்கு 55 லிட்டர் என்றால் ஒருமுறை நிரப்பியது 545 பேருக்குத்தான் காணும். ஊரில் அதைவிட இரண்டு மடங்கு ஜனம். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள், தெருத் தெருவாக வால்வு திறந்து, முக்கால் மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் இதுதான் முறை. முறை வைத்துத் தண்ணீர் விட்டால், மீதி நேரமெல்லாம் குழாய் காலியாகவோ அரைகுறையாகவோ கிடக்கும். மேட்டுத் தெருவில் இருக்கிற தண்ணீர் பள்ளத்துத் தெருக் குழாய் வழியாக வடிந்து இறங்கும்போது, மேட்டுக் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. ஸ்ட்ராவில் வாய் வைத்து உறிஞ்சுவதைப் போலக் குழாய் வெளியிலிருப்பதை உள்ளே இழுக்கும். தண்ணீர் வெளியே கசிந்த ஓட்டை வழியாகவே சாக்கடை உள்ளே வரும். சுற்றிய ட்யூப் உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைத் தாங்கும். உள்ளே இழுக்கும்போது தளர்ந்து வழிவிடும். மழை பெய்து அந்த எல்போவைச் சுற்றிச் சேற்றுத் தண்ணீர் நிற்கிற நாட்களில், மறுமுறை தண்ணீர் திறந்ததும் முதல் ஐந்து நிமிடம் கலங்கலாக வருவதன் காரணம் இதுதான். வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் டைபாய்டும் ஒரு தெருவுக்கு மட்டும் வருவதன் காரணமும் பல நேரம் இதுவே.

இதை மோசமாக்குகிற இரண்டு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒன்று, குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது. அரை எச்பி மோட்டாரை ஊராட்சிக் குழாயில் மாட்டி சுவிட்சைப் போட்டதும் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் நிற்பது எல்லாருக்கும் தெரிந்த சண்டை. அதோடு போவதில்லை. அந்த மோட்டார் தெருக் குழாய் முழுவதையும் வெற்றிடமாக்குகிறது; தெருவில் எத்தனை கசிவு இருக்கிறதோ அத்தனை வழியாகவும் சாக்கடையை இழுத்து, முதலில் மோட்டார் வைத்தவர் தொட்டியில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எங்கள் சித்தப்பாவிடம் நான் இதைச் சொன்னபோது, "பக்கத்து ஊட்டுக்காரனுக்குத் தண்ணி வராதுன்னு தெரியும்பா, எம்பேரன் குடிக்கறதுல சாக்கடை வரும்னு தெரியாது" என்றார். அடுத்த நாளே கழற்றிவிட்டார்.

இன்னொன்று, குழி. அழுத்தம் குறைவாக இருப்பதால் தரைக்கு மேலே குழாய் ஏறாது. அதனால் வாசலில் இரண்டடி, மூன்றடி குழி வெட்டி, குழாயை அதற்குள் தாழ்வாக வைத்து, குடத்தையும் உள்ளே இறக்கிப் பிடிப்பார்கள். குழிக்குள் சிந்தின தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், தவளை இருக்கும். குழாயின் வாய் அந்தத் தேக்கத்துக்குள் முங்கியிருக்கும். தண்ணீர் நின்றதும் அந்தத் தேக்கத்தை அப்படியே குழாய் திரும்பக் குடித்துவிடும். குழி வெட்டியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தண்ணீர் ஏறாவிட்டால் அவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்? பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. பன்னிரண்டு மீட்டர் உயரத் தொட்டி கொடுப்பதே ஒன்றேகால் கிலோவுக்கும் குறைவு. கடைசித் தெருவுக்குப் போவதற்குள் அதில் பெரும்பகுதி குழாய் உராய்விலும் கசிவிலும் தீர்ந்துவிடும். வழியில் இருக்கும் கசிவுகளை அடைத்தாலே கடைசி வீட்டுக் குழாய் கொஞ்சம் மேலே எழும்பும். குழியை மூடச் சொல்வதற்கு முன் கசிவை அடைக்க வேண்டும்.

இதற்குத் தற்காப்பாக இருப்பது குளோரின் ஒன்றுதான். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது ஊராட்சிகளில் சொல்லித்தரும் கணக்கு. எங்கள் தொட்டிக்கு 120 கிராம். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பவுடர் பழசாகி வீரியம் போயிருந்தாலோ, வழியில் சாக்கடை கலந்திருந்தாலோ அங்கே எதுவும் மிஞ்சாது. ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதனைப் பெட்டியைக் கொடுத்துப் பயிற்சி தர வேண்டும் என்று ஜல் ஜீவன் திட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், தெருவின் கடைசிக் குழாயில் சோதிக்கச் சொல்லுங்கள். தொட்டியடியில் சோதித்தால் எப்போதும் நன்றாகத்தான் வரும்.

ஈரத்தில் ஒட்டாத பசை

சரி, ட்யூபைக் கழற்றிவிட்டு ஒழுங்கான எல்போ போட ஏன் யாருக்கும் கை வரவில்லை? சோம்பல் என்று முன்பு நானும் நினைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் விஷயம் வேறு என்று புரிந்தது.

பிவிசி பைப்பில் தடவுகிற சொலூஷன், நாம் நினைக்கிற மாதிரி கோந்து இல்லை. அது பிளாஸ்டிக்கின் மேல் தோலைக் கரைக்கிறது. பைப்பின் வெளிப்பக்கமும் எல்போவின் உட்பக்கமும் கரைந்து, ஒன்றுக்குள் ஒன்று போய், மறுபடி இறுகும்போது இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காக ஆகிவிடுகின்றன. சரியாகச் செய்த ஜாயின்டை உடைத்தால் பைப்தான் உடையும், ஜாயின்ட் பிரியாது. அதற்கு மூன்று நிபந்தனை: வெட்டின வாய் நேராக இருக்க வேண்டும், பிசிறும் மண்ணும் துடைத்திருக்க வேண்டும், பைப் காய்ந்திருக்க வேண்டும். பிறகு சில மணி நேரமாவது தொடாமல் விட வேண்டும். முழு அழுத்தம் தாங்க ஒரு நாள் விட்டால் இன்னும் நல்லது.

தெருக் குழாயில் வேலை நடக்கிற இடத்தைப் பாருங்கள். முழங்கால் ஆழக் குழி, அடியில் சேறு. மேலே வால்வை அடைத்திருந்தாலும், உள்தகடு தேய்ந்துபோன அந்தப் பழைய கேட் வால்வு முழுசாக அடைபடாது. விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஆப்பரேட்டர் இடது கையால் துணியை வைத்து அடைத்துக்கொண்டு, வலது கையால் சொலூஷன் தடவி, எல்போவைச் செருகுகிறார். பின்னால் நான்கு பேர், "எப்பங்க தண்ணி உடுவீங்க?" என்று நிற்கிறார்கள். அரை மணி நேரத்தில் வால்வு திறந்தாக வேண்டும். அந்த ஜாயின்ட் பிடிக்குமா? பிடிக்காது. அடுத்த வாரம் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டு முறை அப்படிப் போன பிறகுதான் சைக்கிள் ட்யூப் வந்தது. கையில் இருப்பதில் ஈரத்திலும் பிடிப்பது அது ஒன்றுதான்.

ஆகப் பழுதடைந்திருப்பது எல்போ மட்டும் அல்ல, மேலே இருக்கிற கேட் வால்வும்தான். வால்வு சரியாக அடைபட்டால் ஜாயின்ட் காயும், ஜாயின்ட் காய்ந்தால் ட்யூப் தேவையில்லை. ஊராட்சிக் கூட்டத்தில் அதுவரை நாங்கள் ஒவ்வொரு முறையும் "எல்போ ஒடைஞ்சிருக்கு" என்று சொன்னோமே தவிர, "வால்வு அடைபடல" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சரி, பைப் ஏன் உடைகிறது? நாலு கிலோ, ஆறு கிலோ அழுத்தம் தாங்கும் பைப் என்று கடையில் கேட்டு வாங்குகிறோம். தொட்டி கொடுப்பதோ ஒன்றேகால் கிலோவுக்கும் உள்ளே. கணக்குப்படி உடையவே கூடாது. காலிக் குழாயில் வால்வை ஒரேயடியாகத் திறந்தால், முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் ஓடிவந்து வளைவுகளில் மோதும். அந்த அடி, நின்ற தண்ணீரின் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு. குழாயில் முதலில் புஸ்ஸென்று காற்று வந்து, பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வருகிறதே, அந்தச் சத்தம் கேட்கிற ஒவ்வொரு தடவையும் தெருவின் எல்லா எல்போவும் அடி வாங்குகிறது. வால்வைச் சிறிது திறந்து, காற்று போகவிட்டு, மெதுவாக முழுசும் திறந்தால் உடைப்பு குறையும். இதற்குக் காசு வேண்டாம்.

மற்றக் காரணம் வெயிலும் ஆழமும். ஒரு மீட்டர் ஆழத்தில் போட வேண்டிய பைப்பைப் பாறை வந்துவிட்டது என்று ஒரு முழத்தில் போட்டு மண்ணைத் தள்ளினால் டிராக்டர் ஏறிய அன்று நசுங்கும். வெளியே தெரிகிற பிவிசி, வெயிலில் வருடக்கணக்கில் காய்ந்து வெளுத்து, சுண்ணாம்பு மாதிரிப் பொரிந்துவிடும். மொட்டை மாடியில் போகிற பைப்புக்கு ஒரு கோட் பெயின்ட் அடித்தாலே அதன் ஆயுசு கூடும்.

ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர்

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்தான் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் ஒன்றரை வரை என்பது குடிநீர்த் தரம். அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளுக்குப் பல்லில் காவி ஏறும், பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகும். என் வயதுக்காரர்களில் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்கிறவர்கள் நிறைய பேர். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, பிளீச்சிங் பவுடர் போட்டாலும் போகாது. அதனால்தான் ஜப்பான் நிதியுதவியோடு 1,928 கோடி ரூபாய்க்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் அது தொடங்கியதிலிருந்து காவிரித் தண்ணீர் எங்கள் ஊருக்கு வருகிறது.

ஆகவே வீட்டில் இரண்டு தண்ணீர்: குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், மற்றதுக்கெல்லாம் போர் தண்ணீர். புது வீடு கட்டும்போது கொத்தனாரும் பிளம்பரும் செலவைக் குறைப்பதற்காக இரண்டையும் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு இணைத்து, நடுவில் ஒரு பால் வால்வு வைத்துவிடுகிறார்கள். "ஒகேனக்கல் வரலைன்னா இதைத் திருப்புங்க, போர் தண்ணி வரும்" என்று சாவி கொடுப்பது மாதிரிச் சொல்லிவிட்டுப் போவார்கள். வசதிதான். ஆனால் வால்வு கொஞ்சம் தேய்ந்ததும் இரண்டும் கலக்கும். ருசியில் தெரியாது, புளோரைடுக்கு ருசி கிடையாது. இன்னொன்றும் நடக்கும். உங்கள் வீட்டு போர் மோட்டார் தள்ளுகிற அழுத்தம் ஊராட்சிக் குழாயின் அழுத்தத்தைவிட அதிகம். தெருவில் தண்ணீர் நின்றிருக்கும்போது வால்வு மறந்து திறந்திருந்தால், உங்கள் போர் தண்ணீர் தெருக் குழாய்க்குள் திரும்பிப் போய் நாலு வீட்டுக்குக் குடிநீராகிவிடும். இரண்டு லைனையும் எந்த இடத்திலும் இணைக்காமல் இருப்பதுதான் சரி. ஏற்கெனவே இணைத்திருந்தால் அந்த டீயை வெட்டி, குழாய் வாயை அடைக்கிற எண்ட் கேப் போட்டுவிடச் சொல்வேன். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற ரிட்டர்ன் வால்வு மாட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். மண் சிக்கினால் அதுவும் மூடாது.

போர் தண்ணீரின் உப்பு, குழாய்க்கும் எமன். தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்பு குழாயின் உட்சுவரில் வருடா வருடம் படிகிறது. ஷவர் துளை அடைபடுவதும், ஹீட்டர் காயில் வெள்ளையாக ஓடு கட்டுவதும் இதனால்தான். அரை இஞ்சுக் குழாயின் விட்டம் படிவால் பாதியானால், தண்ணீர் போகிற வழி கால் பங்காகிவிடும். "மோட்டார் வீக் ஆயிடுச்சு" என்று புது மோட்டாருக்குப் பணம் கட்டுகிறவர்கள் பலர். முதலில் யூனியன் என்கிற கழற்றி மாட்டும் இணைப்பு ஒன்றைக் கழற்றிக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட வேண்டும்.

ஏன் ஆள் வருவதில்லை

ஒரு குழாய் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சொட்டு ஒரு மில்லி என்றால், ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல். ஒன்றரைக் குடம். இதை நிறுத்தத் தேவைப்படுவது சில ரூபாய் பெறும் ஒரு ரப்பர் வாசர். ஆனால் பிளம்பர் இருப்பது பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி டவுனில். பெட்ரோல் போட்டு வந்து, குழாயைப் பார்த்து, சரியான அளவு வாசர் இல்லாமல் மறுபடி கடைக்குப் போய், வேலை முடிக்க அரை நாள் ஆகும். அதற்கு நாம் நூறு ரூபாய் கொடுப்போம், அதுவும் "அஞ்சு நிமிச வேலைதானேண்ணா" என்று சொல்லிக்கொண்டே. டவுனில் புது வீட்டுக்கு பாத்ரூம் லைன் இழுக்கப் போனால் அன்றைக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கூலி கிடைக்கும். அவர் வராததில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஒற்றை வீட்டுச் சில்லறை வேலை எந்த நல்ல பிளம்பருக்கும் கட்டுப்படியாகாது. ஒரு ஊரின் சில்லறை வேலையெல்லாம் சேர்த்தால் கட்டுப்படியாகும், ஆனால் சேர்த்துக் கொடுக்க ஆள் இல்லை.

ஒடிசாவில் கேந்திரபாரா என்றொரு மாவட்டம். இந்தியாவின் பெருநகரங்களில் குழாய் வேலை செய்கிறவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கிராமங்களிலிருந்து போனவர்கள். அங்கே பட்டாமுண்டையில் பிளம்பிங்குக்கென்றே அரசுப் பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அண்ணன் தம்பிக்கும், மாமன் மருமகனுக்கும் கற்றுக்கொடுத்துத் தலைமுறையாக வந்த தொழில். கிராமத்துப் பையனுக்கு இந்தத் தொழில் வராது என்கிறவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டாம். நம்மிடம் ஐடிஐயில் பிளம்பர் படிப்பு ஒரே வருடம்தான். எலக்ட்ரீஷியனுக்கும் ஃபிட்டருக்கும் அடித்துப்பிடித்துச் சேர்கிற பிள்ளைகள், கழிவறைக் குழாயைத் தொட வேண்டுமே என்று இதை ஒதுக்குகிறார்கள். அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் சாதி இருக்கிறது என்பதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

ஊரிலேயே ஒருவருக்குக் குழாய், மோட்டார், கொத்து வேலை மூன்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிற நல் ஜல் மித்ரா பயிற்சி ஜல் ஜீவன் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. யோசனை நல்லது. பயிற்சி முடித்தவருக்கு மாத வருமானம் எங்கிருந்து வரும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்று வைத்தால் 300 வீட்டுக்கு 15,000 ரூபாய். ஒருவருக்கு அது முழுச் சம்பளம் ஆகாவிட்டாலும், தெரு லைனையும் வீட்டுச் சில்லறை வேலையையும் ஒருவரே பார்த்தால் ஊரைவிட்டுப் போகாமல் இருக்கப் போதும். அந்த ஒருவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது என்பது என் எண்ணம். குழாய் ஒழுகுவதை முதலில் பார்ப்பது வீட்டுப் பெண்கள். பிளம்பர் வந்தால் திண்ணையில் இருக்கிற ஆம்பளையிடம்தான் பேசுகிறார். அவருக்கு எந்தக் குழாய், எப்போதிலிருந்து ஒழுகுகிறது என்று தெரியாது.

கழிவறைக் குழி

உள்ளே வருகிற தண்ணீரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, வெளியே போகிறதைச் சொல்லாமல் விட முடியாது. 2014 அக்டோபர் 2க்குப் பிறகு தூய்மை இந்தியா திட்டத்தில் கிராமங்களில் கட்டச் சொன்னது இரட்டைக் குழிக் கழிவறை. ஒரு மீட்டர் விட்டம், ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டு குழி. சுவரில் இடைவெளி விட்ட செங்கல். அடியில் தளம் போடாமல் மண். நடுவில் ஒரு சின்னப் பெட்டி. ஒரு நேரத்தில் ஒரு குழிக்கு மட்டும் வழி. அது நிரம்பச் சில வருடம் ஆகும். நிரம்பியதும் பெட்டியில் வழியை மாற்றிவிட்டு, முதல் குழியை ஒன்றரை வருடமாவது சும்மா விட்டால், உள்ளே இருப்பது நாற்றம் இல்லாத, காய்ந்த மண் மாதிரி எருவாகிவிடும். வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளி வயலில் போடலாம். பச்சை மலத்தை எந்த மனிதரும் தொடக்கூடாது என்பதற்காகவே யோசித்த அமைப்பு இது.

எங்கள் பக்கம் கட்டியவற்றில் பலவற்றில் இரண்டு குழியையும் ஒரு பைப் போட்டு ஒன்றுக்குள் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். அப்படிச் செய்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நிரம்பும், எதுவும் எருவாகாது, கடைசியில் யாரையாவது கூப்பிட்டாக வேண்டும். சிலர் குழியைச் சுற்றிலும் சிமென்ட் பூசி அடைத்துவிட்டார்கள், தண்ணீர் எங்கே உறிஞ்சும்? வழுக்குச் சரிவு அதிகமான கிராமத்துப் பேசினுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினாலே போதும். பளபளப்பாக இருக்கிறதென்று டவுன் பேசினைப் பதித்தால் அரை வாளி வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற வீட்டில் அந்தக் கழிவறை ஒரு வருடத்தில் விறகு அடுக்குகிற இடமாகிவிடுகிறது.

குழியோ செப்டிக் டேங்கோ, ஆள் இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டால் விஷவாயு போய்விடும் என்பது பொய். கம்பால் கிளறியதும் அடியிலிருந்து மறுபடி எழும்பும். முதலில் இறங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து போவதை வருடந்தோறும் பத்திரிகையில் படிக்கிறோம். கழிவுநீர் வண்டிக்குப் பணம் கட்டுங்கள், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை நிரம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்காரர் கையில் இருப்பது

வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு நல்ல கேட் வால்வு. இதைத்தான் முதலில் சொல்வேன். அது இல்லாததால், சமையல்கட்டுக் குழாய் உடைந்த இரவில் ஊரையே எழுப்ப வேண்டி வருகிறது. சுவருக்குள் பைப் பதிக்கிற வீடாக இருந்தால், பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அளவு டேப்பைச் சுவரில் வைத்தபடி. பின்னாளில் ஆணி அடிக்கும்போதும் கசிவு தேடும்போதும் அந்த போட்டோவின் அருமை தெரியும். மாடி சின்டெக்ஸிலிருந்து இறங்கும் பைப்பில், தொட்டிக்குப் பக்கத்திலேயே தொட்டியைவிட உயரமாக ஒரு காற்றுக்குழாய் விடச் சொல்லுங்கள்; தொட்டி நிறைய தண்ணீர் இருந்தும் குழாயில் வராமல் காற்று அடைக்கிற தொல்லை போய்விடும். தொட்டியைக் கழுவிய தேதியை மார்க்கரால் அதன்மேலேயே எழுதுங்கள், ஊராட்சித் தொட்டியில் எழுதுவது போல. பரணில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் நாலு வாசர், டெப்லான் டேப், அரை இஞ்சு எண்ட் கேப் இரண்டு இருந்தால் பிளம்பர் வரும்வரை சமாளிக்கலாம். ஊருக்குச் சைக்கிளில் வந்து போகிற உப்பு வியாபாரியைப் போல வாசர் வியாபாரி ஒருவரும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்திருக்கின்றன. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று எங்கள் தெருக்காரர்கள் எழுதிக் கொடுத்தது மூன்றே வரி: தெரு வால்வு முழுசாக அடைபடவில்லை, அதை மாற்ற வேண்டும்; கடைசிக் குழாயில் குளோரின் சோதித்து வாரா வாரம் பலகையில் எழுத வேண்டும்; குழாய் வேலை கற்க ஊரில் ஒருவரை அனுப்ப வேண்டும். மூன்றாவதற்குப் பேர் கொடுத்தது சுயஉதவிக் குழுவிலிருக்கும் ஒரு அக்கா. கை தட்டினோம், சிலர் சிரித்தார்கள், அவர் பேரை நோட்டில் எழுதும்வரை நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

புது வால்வு போன வாரம் மாட்டியாகிவிட்டது. திருகினால் சொட்டுகூட வரவில்லை, நானே குனிந்து பார்த்தேன். ஆறு கிலோ எல்போ ஒன்று, கப்ளர் இரண்டு, சொலூஷன் டப்பா ஒன்று தெருவில் வசூலித்து வாங்கி எங்கள் வீட்டுத் திண்ணை மாடத்தில் வைத்திருக்கிறோம். வருகிற செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை இல்லை. அன்று காலை வெயில் ஏறினதும் ட்யூபை அறுத்து, பைப்பைத் துடைத்துக் காயவைத்து, எல்போவைப் போட்டுவிட்டு, குழியை மூடாமல் மறுநாள் வரைக்கும் அப்படியே விடப்போகிறோம். புதன்கிழமை சாயங்காலம் வால்வை ஒரு சுற்று மட்டும் திறந்து, காற்று போகிற சத்தம் நிற்கிறவரைக்கும் பொறுத்திருக்கும்படி ஆப்பரேட்டரிடம் சொல்லியிருக்கிறோம். "சரிங்கண்ணா, நீங்களும் வந்து நில்லுங்க" என்றார்.